மூச்சு அடைத்த பெட்டி: செயின் டிராக்டரின் ஒரு சிறு உறுப்பும் எழுதப்படாத வரலாறும்

என் தாத்தாவின் வலது முன்கையில், மணிக்கட்டு தொடங்கி முழங்கைக்குச் சற்றுக் கீழ்வரை, ஒரு வெந்த தழும்பு உண்டு. சிறுவயதில் அது அடுப்பால் வந்தது என்றே எண்ணியிருந்தேன். கோலார் தங்கவயலில் பிறந்து, அங்கேயே ஃபிட்டர் வேலை கற்று, பின்னர் ஓர் ஒப்பந்ததாரரின் மண்வேலை வண்டிகளோடு ஊர் ஊராகச் சென்று, இறுதியில் கொச்சியின் தோப்பும்படியில் தங்கிவிட்டவர் அவர். பழைய செயின் டிராக்டர் ஒன்றின் கியர் பெட்டியில் எண்ணெய் அளவு பார்க்க, வண்டி நின்ற சூட்டோடு மூடியைத் திருகியபோது, உள்ளே அடைபட்டிருந்த அழுத்தம் சுடு எண்ணெயை அவர் கைமீது வீசியெறிந்தது. அதன் தழும்புதான் அது.

அந்த விபத்துக்கு முன்னர் அதே வண்டியில் மூன்று முறை ஆயில் சீல் மாற்றப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் சில நாள்களிலேயே கசிவு திரும்பியது. சீல் தரமற்றது என்றார் மேற்பார்வையாளர். பொருத்தியவர் சரியாகப் பொருத்தவில்லை என்றார் சீல் விற்றவர். பொருத்தியவர் தாத்தா. மூன்றாம் முறைக்குப் பின் அவருடைய கூலியில் சீலின் விலை பிடிக்கப்பட்டது. பழுதோ சீலில் இல்லை. கியர் பெட்டியின் தலைப்பகுதியில், சேறும் எண்ணெயும் கலந்து இறுகி அடைத்துக்கொண்ட, கட்டைவிரல் அளவேயான ஒரு மூச்சுக்குழலில் இருந்தது. பட்டறைகளில் அதனைப் ‘பிரீதர்’ என்பர். தாத்தா ‘மூச்சு’ என்றே சொல்வார். அவர் கை வெந்த பிறகுதான் அக்குழலை யாரோ கழற்றிப் பார்த்தனர்.

மொழியியலில் முதுகலை முடித்து, தொழிற்கூடச் சொற்களின் வரலாற்றை முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பின், அந்த ‘மூச்சு’ என்ற சொல்லுக்குத் திரும்பத் திரும்ப வருகிறேன். நம் நாட்டில் கனரக வண்டிகளின் வரலாறு ஏக்கர்க் கணக்கிலும் கடன் தொகையிலும் எழுதப்பட்டுள்ளது. அவ்வண்டிகளை ஓடவைத்த அறிவு எங்கே எழுதப்பட்டது என்று தேடினால் பெரும்பாலும் வெற்றிடமே எஞ்சுகிறது. இப்பதிவு அவ்வெற்றிடத்தின் ஒரு சிறு மூலையைக் குறித்தது. சற்று நீளமானது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. ஈரம், உலர்வு, ஈரம்

செயின் வண்டிக்குத் திருப்புவதற்கென்று தனிச் சக்கரம் கிடையாது. என்ஜினின் ஆற்றல் முதன்மைக் கிளட்ச் வழியே கியர் பெட்டிக்குச் செல்கிறது. அங்கிருந்து கூம்பு வடிவப் பல்சக்கரம் ஒன்று, அதாவது பெவல் கியர், அதனை இடமும் வலமுமாகப் பிரித்துத் திருப்புகிறது. இருபுறமும் ஒவ்வொரு ஸ்டியரிங் கிளட்சு. அதன் உருளையைச் சுற்றி ஒரு பிரேக் பட்டை. அதற்கும் அப்பால் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் ஃபைனல் டிரைவ். கடைசியில் செயினை இழுக்கும் ஸ்பிராக்கெட். இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் ஓட்டுநர் இடக் கிளட்சை விடுவிப்பார். வேண்டுமெனில் அப்பக்கப் பிரேக்கையும் அழுத்துவார்.

இந்த அமைப்பு முழுவதும் வார்ப்பிரும்பாலான தனித்தனிப் பெட்டிகளுக்குள் அடங்கியுள்ளது. பழைய மாதிரிகள் பலவற்றில் நடுப்பெட்டியில் எண்ணெய் உண்டு. அதன் இருபுறமும் உள்ள ஸ்டியரிங் கிளட்சு அறைகள் உலர்ந்தவை. அவற்றுக்கு வெளியே உள்ள ஃபைனல் டிரைவ் பெட்டிகளில் மீண்டும் எண்ணெய். ஈரம், உலர்வு, ஈரம் என்று இவ்வரிசையை நினைவில் கொள்ளலாம். உலர்ந்த அறைக்கும் ஈர அறைக்கும் இடையே, சுழலும் தண்டினைத் தழுவி நிற்கும் ஆயில் சீல் ஒன்றே எல்லைக் காவல்.

ஈரப் பெட்டியில் அழுத்தம் ஏறினால் எண்ணெய் அச்சீலைத் தாண்டி உலர்ந்த அறைக்குள் நுழைகிறது. கிளட்சுத் தட்டுகளில் எண்ணெய் படிந்தால் அவை வழுக்கும், வண்டி இழுக்காது. பிரேக் பட்டையில் படிந்தால் வண்டி திரும்பாது. சமதளத்தில் இது நேரவிரயம் மட்டுமே. காயலோர வரப்பிலோ மலைச்சாலை விளிம்பிலோ, பதினைந்து டன் இரும்பு திரும்ப மறுப்பதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஆகவே ‘கொஞ்சம் எண்ணெய் கசிகிறது’ என்று பதிவேட்டில் எழுதப்படுவது சில வேளைகளில் ஓர் உயிரைக் குறித்த செய்தி.

2. மூடியதால் மூச்சு தேவைப்பட்டது

செயின் டிராக்டர் பிறந்ததே சேற்றில்தான். கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரை ஒட்டிய சான் வாக்கின் ஆற்றுக் கழிமுக நிலம் மட்கிய தாவரங்களாலான மென்மண். எடைமிகுந்த நீராவி டிராக்டர்களின் சக்கரங்கள் அதில் புதைந்தன. சக்கரத்தை அகலமாக்கிப் பார்த்துச் சலித்த பெஞ்சமின் ஹோல்ட், 1904 நவம்பரில் சக்கரத்துக்குப் பதிலாகக் கட்டைகள் பதித்த தொடர்ச்செயினைப் பொருத்திச் சோதித்தார். ‘கேட்டர்பில்லர்’ என்னும் பெயர் அந்தப் புழுநடையிலிருந்து வந்தது. 1925-இல் ஹோல்ட் நிறுவனமும் அதன் போட்டியாளரான பெஸ்ட் நிறுவனமும் இணைந்து கேட்டர்பில்லர் டிராக்டர் கம்பெனி உருவாயிற்று. 1931-இல் அது டீசல் என்ஜின் பொருத்திய செயின் டிராக்டரை வெளியிட்டது. கடல்மட்டத்துக்குக் கீழே பயிர்செய்யும் நம் குட்டநாட்டுக்காரருக்கு அக்கழிமுகத் தீவுகள் அந்நியமாகத் தோன்றா. அங்கும் வரப்புக் கட்டி நீரை வெளியேற்றித்தான் உழவு நடக்கிறது. நிலமும் கடல்மட்டத்துக்குக் கீழேதான்.

தொடக்ககால டிராக்டர்கள் பலவற்றில் பல்சக்கரங்கள் திறந்தே கிடந்தன. மண்ணும் மணலும் பற்களைத் தின்றன. அதனால் சக்கரங்களைப் பெட்டிக்குள் அடைத்து எண்ணெயில் முக்கிவைக்கும் முறை வந்தது. தேய்மானம் குறைந்தது. அதே வேளையில் அதுவரை இல்லாத ஒரு சிக்கல் பிறந்தது. திறந்த பல்சக்கரத்துக்கு உள், வெளி என்ற வேறுபாடு கிடையாது. மூடிய பெட்டிக்கு உண்டு. பெட்டிக்குள் எண்ணெய்க்கு மேலே காற்று தங்குகிறது. பற்கள் உரசும் வெப்பத்தில் அது விரிகிறது. இரவில் குளிர்ந்து சுருங்குகிறது. விரியும் காற்று வெளியேறவும், சுருங்கும்போது வெளிக்காற்று உள்ளே வரவும் ஒரு வழி வேண்டியிருந்தது. அவ்வழியே பிரீதர். தூசியைத் தடுக்கப் பெட்டியை மூடினார்கள். மூடியதால் மூச்சுத்துளை வைத்தார்கள். அத்துளையைத் தூசி அடைத்தது. இச்சிறு சுழற்சிக்குள் நம் நாட்டுக் கதை முழுவதும் அடங்கிவிடுகிறது என்பது என் கருத்து.

3. வண்டிகள் வந்தன, மூச்சுக்குழலைப் பற்றிய பேச்சு வரவில்லை

இரண்டாம் உலகப்போர் இவ்வண்டிகளை இந்தியாவுக்குப் பெருமளவில் கொண்டுவந்தது. அசாமின் லெடோவிலிருந்து பர்மா வழியே சீனத்துக்கு 1942-க்கும் 1945-க்கும் இடையில் போடப்பட்ட சாலையில் மலைச்சரிவை வெட்டித் தள்ளியவை அமெரிக்கப் படையின் புல்டோசர்கள். போர் முடிந்ததும் படை திரும்பியது. வண்டிகளில் பல இங்கேயே தங்கின. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் நடுவண் அரசு அமைத்த மத்திய டிராக்டர் அமைப்பு தன் பணியைத் தொடங்கியது அவ்வாறு எஞ்சிய வண்டிகளைக் கொண்டுதான். மத்திய இந்தியாவின் கரிசல் நிலத்தில் கான்ஸ் என்னும் புல், நம் நாணலின் இனம், ஆழ வேரோடி நிலங்களைத் தரிசாக்கியிருந்தது. மாட்டு ஏர் அந்த வேருக்கு எட்டாது. கோடை வெயிலில் ஆழ உழுது வேரைப் பிரட்டிக் காயவிட வேண்டும். அதற்கென மேலும் வண்டிகள் வாங்க 1949 செப்டம்பரில் உலக வங்கி 1 கோடி டாலர் கடன் வழங்கியது. இந்தியா அவ்வங்கியிடம் பெற்ற இரண்டாம் கடன் அது. முதற்கடன் அதற்கு முந்தைய மாதம் ரயில்வேக்காகப் பெறப்பட்டது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உழவுக்கு ஏற்ற பருவம் எதுவோ அதுவே தூசிக்கும் உச்சமான பருவம். வெளிவெப்பம் மிகுந்த மாதங்களில், ஆழ உழும் முழுச் சுமையில், கரிசல் தூசிப் படலத்துக்குள் அவ்வண்டிகள் ஓடின. மூச்சுக்குழல் அடைபடுவதற்கு இதைவிட ஏற்ற சூழலைக் கற்பனை செய்வது அரிது. ஆனால் திட்டங்களை அளந்த அலகு ஏக்கர். எத்தனை ஏக்கர் மீட்கப்பட்டது என்பதற்குப் பத்தி இருந்தது. எத்தனை மூச்சுக்குழல் கழுவப்பட்டது என்பதற்குப் பத்தி இல்லை.

அதே காலத்தில் ஆப்பிரிக்காவில் நடந்தது இதற்கு ஓர் எச்சரிக்கை. பிரித்தானிய அரசு தாங்கனிக்காவில் 1947-இல் தொடங்கிய நிலக்கடலைத் திட்டமும் போரில் எஞ்சிய செயின் டிராக்டர்களை நம்பியது. முதல் ஆண்டின் கோடை முடிவதற்குள் வந்திறங்கிய வண்டிகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு ஓடாமல் நின்றுவிட்டன. 1951-இல் திட்டமே கைவிடப்பட்டது. மண்ணின் கடினம், மழையின்மை, திட்டமிடலின் அவசரம் எனக் காரணங்கள் பல. ஏற்கெனவே தேய்ந்த வண்டிகளும், உதிரிபாகப் பற்றாக்குறையும், பழுது பார்க்கப் பயின்றவர் இல்லாமையும் அவற்றுள் முன்நிற்பவை. தொழில்நுட்ப வரலாற்றைப் புதுக்கண்டுபிடிப்புகளின் வரிசையாக எழுதுவதை விடுத்து, பயன்பாட்டின் வரலாறாகவும் பராமரிப்பின் வரலாறாகவும் எழுத வேண்டும் என்று டேவிட் எட்ஜர்டன் 2006-இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். செயின் டிராக்டரின் வரலாற்றை அவ்வாறு எழுதுவதற்குத் தாங்கனிக்காவும் மத்திய இந்தியாவும் சேர்ந்து ஒரு நல்ல தொடக்கமாகும்.

இனித் தமிழர் கதைக்கு வருவோம். 1964 மே மாதம் பாரத் எர்த் மூவர்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. ஜப்பானின் கோமட்சு நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு அது செயின் டோசர்களைக் கோலார் தங்கவயலில் உருவாக்கலாயிற்று. கோமட்சு 1921-இல் நிறுவப்பட்டது. 1931-இல் ஜப்பானின் முதல் செயின் டிராக்டரையும் 1947-இல் தன் டி50 புல்டோசரையும் உருவாக்கியது. தங்கவயலோ வட ஆற்காட்டிலிருந்து சென்று சுரங்கத்தில் உழைத்த தலித் குடும்பங்களால் நிறைந்த, தமிழ் பேசும் ஊர். கலிபோர்னியச் சேற்றில் பிறந்த கருத்து, ஜப்பானின் வழியாக, வட ஆற்காட்டுத் தமிழ் வழங்கும் ஊருக்கு வந்து சேர்ந்தது. சுரங்கம் 2001 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டது. டோசர் ஆலை நிலைத்தது. அவ்வூரின் பட்டறைகளில் கைப்பழகிய ஃபிட்டர்கள் நாட்டின் அணைத்தளங்களுக்கும் சுரங்கங்களுக்கும் துறைமுகங்களுக்கும் பரவினர். அவர்கள் கொண்டு சென்றவற்றுள் ஸ்பானரும் சுத்தியும் கண்ணுக்குத் தெரிந்தவை. சொற்கள் கண்ணுக்குத் தெரியாதவை.

4. பெட்டிக்குள் என்ன நடக்கிறது: ஒரு கணக்கு

பேச்சளவில் ‘அழுத்தம்’ என்கிறோம். எவ்வளவு என்று பார்க்கலாம். மூடிய வாயுவின் அழுத்தம் வெப்பத்தோடு நேர்விகிதத்தில் ஏறும் என்பது நாம் பள்ளியில் படித்தது. காலையில் 27 பாகை செல்சியசில் இருந்த பெட்டி, உழைப்பின் நடுவே 87 பாகைக்கு ஏறுகிறது என்போம். தனிவெப்பநிலை அளவில் அது 300-லிருந்து 360 ஆகும். மூச்சுக்குழல் முற்றிலும் அடைத்திருந்தால், காற்றின் விரிவு ஒன்றினாலேயே வெளியழுத்தத்தைவிட 0.2 வளிமண்டலம் மிகுதியாகிறது. சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 3 பவுண்டு.

எண்ணெயும் விரிகிறது. ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ பத்தாயிரத்தில் 7 பங்கு என்று கொண்டால், 60 பாகை ஏற்றத்தில் 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல். 60 லிட்டர் கொள்ளும் பெட்டியில் 40 லிட்டர் எண்ணெயும் 20 லிட்டர் காற்றும் இருந்தால், எண்ணெய் 1.7 லிட்டர் பெருகிக் காற்றை 18.3 லிட்டருக்குள் நெருக்கும். மிகையழுத்தம் 0.31 வளிமண்டலம் ஆகும். இப்போது ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒருவர் 50 லிட்டர் எண்ணெய் ஊற்றிவிட்டார் என்று கொள்வோம். காற்றுக்கு எஞ்சியது 10 லிட்டர், எண்ணெய் 2.1 லிட்டர் பெருகினால் அது 7.9 ஆகச் சுருங்கும். மிகையழுத்தம் 0.52 வளிமண்டலம், சதுர அங்குலத்துக்கு ஏழரைப் பவுண்டு. சாதாரண உதட்டுச் சீல்கள் எண்ணெய் தெறிப்பதைத் தடுக்க அமைந்தவை. இத்தகைய அழுத்தத்தை எதிர்த்து நிற்க அமைந்தவை அல்ல. கசிவைக் கண்டு கூடுதலாக எண்ணெய் ஊற்றுவது கசிவை வளர்க்கும் செயல் என்பது இக்கணக்கிலிருந்து விளங்கும்.

கொச்சி போன்ற ஊரில் மூன்றாவது காரணி ஒன்று சேர்கிறது: நீர். சூட்டில் காற்றின் ஒரு பகுதி சீல் வழியே வெளியேறிவிட்ட பெட்டி மாலையில் குளிரும்போது, உள்ளே அழுத்தம் வெளியழுத்தத்தைவிடக் கீழே இறங்குகிறது. மூச்சுக்குழல் திறந்திருந்தால் அதன் வழியே காற்று வரும். அடைத்திருந்தால் பெட்டி சீல் வழியாகவே உறிஞ்சும். வண்டி அப்போது சேற்றிலோ காயல் நீரிலோ நின்றிருந்தாலும், சூட்டோடு பீய்ச்சிக் கழுவப்பட்டாலும், உள்ளே செல்வது நீர். மறுநாள் பெட்டி 87 பாகைக்கு ஏறும்போது அந்நீரின் ஆவி தனியாக 0.6 வளிமண்டலம் வரை அழுத்தம் சேர்க்கவல்லது. அதாவது காற்றும் எண்ணெயும் சேர்ந்து செய்வதைவிட அதிகம். அடைப்பு உறிஞ்சலைத் தருகிறது. உறிஞ்சல் நீரைத் தருகிறது. நீர் கூடுதல் அழுத்தத்தைத் தருகிறது. அழுத்தம் சீலைக் கெடுக்கிறது. கெட்ட சீல் மேலும் நீரை விடுகிறது. தாத்தாவின் வண்டியில் மூன்று சீல்கள் அடுத்தடுத்துத் தோற்றதற்குக் காரணம் இச்சுழல் என்றே இப்போது எண்ணுகிறேன். எண்ணெய் பால்போல வெளுத்திருந்ததாக அவர் பின்னர் சொன்னார்.

5. சொற்களே சோதனை முறை

‘எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், தாத்தா?’ என்று ஒருநாள் கேட்டேன். குறிப்பேடும் ஒலிப்பதிவுக் கருவியுமாக உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ‘சீல் மேல தப்பு இல்ல கண்ணு. அதுக்குப் பின்னாடி நின்னு யாரு தள்ளுறான்னு பாக்கணும்’ என்றார். பிறகு ஒரு மணிநேரம் பேசினார். அவர் பேச்சில் ‘லீக்’ என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. மாறாக நான்கு வினைகள் வந்தன.

‘வேர்த்திருக்கு’ என்றால் சீலைச் சுற்றி மெல்லிய எண்ணெய்ப் படலம், துடைத்துவிட்டுக் காத்திருக்கலாம். ‘கசியுது’ என்றால் துடைத்த இடம் மீண்டும் நனைகிறது. சீலின் உதடு தேய்ந்திருக்கக்கூடும். ‘ஒழுகுது’ என்றால் வண்டி நின்றபோதும் சொட்டுகிறது. எண்ணெய் மட்டத்துக்குக் கீழே ஏதோ ஒன்று உடைந்துள்ளது. ‘கக்குது’ என்றால் சூடேறியபின் மட்டும் வெளியே தள்ளப்படுகிறது. நின்று ஆறினால் நின்றுவிடுகிறது. கடைசி வினை மட்டுமே எழுவாயின் உள்ளே ஓர் உந்துவிசையை ஏற்கிறது. ஒழுகும் பொருள் தன் எடையால் விழுகிறது. கக்கும் பொருள் தள்ளப்படுகிறது. சீலைத் தொடுமுன் பிரீதரைத் தொட வேண்டும் என்னும் கட்டளை அந்த வினையின் பொருளிலேயே இருக்கிறது. ஆங்கிலப் பதிவேட்டுச் சொல் இந்நான்கையும் ஒன்றாக்கி, ‘லீக்’ என்ற ஒரே கட்டத்தில் அடைத்துவிட்டது. தாத்தா ‘கக்குது’ என்று சொல்ல, எழுத்தர் ‘லீக்’ என்று எழுத, அதைப் படித்த மேற்பார்வையாளர் புதுச் சீல் வாங்க ஆணையிட்டார். பழுது பார்த்தலில் நேர்ந்த அத்தவறு மொழிபெயர்ப்பில் தொடங்கிய தவறு.

அவர் சொன்ன வரிசையைச் சுருக்கித் தருகிறேன். மாணவ நண்பர்களுள் பொறியியல் படிப்போருக்கும் பயன்படலாம்.

முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி முற்றிலும் ஆறவிட வேண்டும். மூடியை ஒரே மூச்சில் திருகக் கூடாது. முகத்தையும் கையையும் விலக்கி, கால் சுற்றுத் தளர்த்தி, ‘புஸ்’ என்ற ஒலி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அவ்வொலி வந்தாலே பாதி விடை கிடைத்துவிட்டது.

அடுத்து எண்ணெயின் அளவும் குணமும். அளவு குறைந்திருந்தால் வெளியே போயிருக்கிறது. யாரும் ஊற்றாமலேயே கூடியிருந்தால் வேறொரு பெட்டியிலிருந்து வந்திருக்கிறது: ஹைட்ராலிக் பம்பின் தண்டுச் சீல் வழியாகவோ, அண்டைப் பெட்டியிலிருந்தோ. இவற்றை மணமும் கெட்டியும் காட்டிக்கொடுக்கும். கியர் எண்ணெய்க்குக் கந்தக நெடி உண்டு. ஹைட்ராலிக் எண்ணெய் நீர்த்தது. பால்நிறம் நீரைக் குறிக்கும்.

மூன்றாவதாகவே பிரீதர். கழற்றி, டீசலில் ஊறவைத்துக் கழுவி, எதிர்த்திசையில் காற்றூதி, வாயால் ஊதினால் தடையின்றிப் போகிறதா என்று பார்க்க வேண்டும். பெயின்ட் அடிக்கும்போது அதன் துளையும் சேர்த்துப் பூசப்பட்டுவிடுவதுண்டு. சில வண்டிகளில் பழைய பிரீதர் தொலைந்துபோய், அதனிடத்தில் சாதாரண போல்ட் ஒன்று திருகப்பட்டிருக்கும். இரண்டையும் தாத்தா பார்த்திருக்கிறார்.

நான்காவது, பிரித்தறிதல். பிரீதர் இருந்த துளையில் ஒரு ரப்பர்க் குழாயைப் பொருத்தி உயரே கட்டிவிட்டு வண்டியை வேலையில் விடுவது. கசிவு நின்றுவிட்டால் குற்றம் பிரீதருடையது. பெட்டி நிலையான சூட்டை அடைந்த பின்னரும் குழாய் வழியே காற்று ஓயாமல் வந்துகொண்டேயிருந்தால், விரிவு மட்டும் காரணமல்ல. எங்கிருந்தோ காற்று ஊட்டப்படுகிறது. எண்ணெயை உறிஞ்சித் திருப்பும் பம்பு உள்ள வண்டிகளில் அது எண்ணெயோடு காற்றையும் அள்ளிக் கொட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெய் நுரைத்திருக்கிறதா என்பதும் இதற்கு ஒரு சான்று. ஒவ்வொரு பெட்டிக்கும் சிறிய அளவுள்ள அழுத்தமானியை மாறிமாறிப் பொருத்தினால் ஊற்றுக்கண் எந்தப் பெட்டி என்பது தெரிந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகே சீலை மாற்றுவது. அழுத்தம் வந்த வழியைச் சரிசெய்யாமல் மாற்றும் சீல், பழைய குற்றத்துக்குப் புதிய சாட்சி மட்டுமே.

ஜூலியன் ஓர் என்னும் மானிடவியலாளர், நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்போரோடு பழகி 1996-இல் ஒரு நூல் வெளியிட்டார். கையேடு கைவிடும் இடத்தில் அவர்கள் ஒருவருக்கொருவர் கதை சொல்லியே பழுதைக் கண்டறிகிறார்கள் என்பது அவருடைய முடிபு. தாத்தாவின் பேச்சைக் கேட்கையில் அம்முடிபோடு ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. கதைக்கு முன்பே, சொல்லின் அளவிலேயே, கண்டறிதல் தொடங்கிவிடுகிறது. நான்கு வினைகளுள் சரியானதைத் தேர்பவர் பாதிச் சோதனையை முடித்துவிட்டவர்.

6. தோப்பும்படியிலிருந்து

எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில் மீன்பிடித் துறைமுகம். பாலத்துக்கு அப்பால், காயலின் அடிமண்ணைத் தோண்டிக் குவித்து உருவாக்கிய வெலிங்டன் தீவு. துறையோரப் பட்டறைகளில் விசைப்படகுகளின் கியர் பெட்டிகள் பிரித்துப் போடப்பட்டிருக்கும். அவற்றின் தலையிலும் அதே மூச்சுக்குழல் உண்டு. உப்புப் பூத்து அடைவதும் உண்டு. இங்குள்ள மலையாள மெக்கானிக்குகள் கசிவைச் ‘சோர்ச்ச’ என்கிறார்கள். தமிழில் சோர்தல் என்ற வினை இன்று பெரும்பாலும் களைப்புக்கே வழங்குகிறது. கண்ணீர் சோர, குருதி சோர என்னும் பழைய வழக்குகளில் மட்டும் வடிதல் என்ற பொருள் எஞ்சியுள்ளது. காயலோரப் பட்டறையில் அப்பொருள் எண்ணெய்க் கறையோடு உயிர்வாழ்கிறது. தாத்தா தம் நான்கு வினைகளோடு இதனை ஐந்தாவதாகச் சேர்த்துக்கொண்டார். மலையாளிகளிடம் பேசும்போது மட்டும் பயன்படுத்துவார்.

அவருக்கு இப்போது கண்பார்வை மங்கிவிட்டது. அவர் தலைமுறையில் செயின் வண்டி பார்த்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். புதிய வண்டிகளில் உணரிகள் உள்ளன. அழுத்தம் ஏறினால் திரையில் குறியெண் தோன்றும். அது நன்மையே, எவர் கையும் இனி வேக வேண்டியதில்லை. ஆனால் முப்பது, நாற்பது ஆண்டு பழைய வண்டிகள் கல்குவாரிகளிலும் செங்கல் சூளைகளிலும் இன்னும் ஓடுகின்றன. அவற்றுக்குத் திரை இல்லை. அவற்றின் முன் நிற்கும் இளைஞருக்குக் கையேடும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அவருக்குக் கிடைக்கக்கூடியது யாரோ ஒரு மூத்த ஃபிட்டரின் வாய்ச்சொல் மட்டுமே.

நம் பல்கலைக்கழகங்களில் கலைச்சொல்லாக்கத்துக்கு நீண்ட மரபு உண்டு. அம்மரபு பெரும்பாலும் நூலகத்திலிருந்து பட்டறையை நோக்கிப் பயணம் செய்தது. அதன் எதிர்த்திசைப் பயணம் இன்னும் தொடங்கவில்லை என்றே சொல்வேன். ‘பிரீதர்’ என்பதற்குச் ‘சுவாசத் துளை’, ‘காற்றுப்போக்கி’ என்றெல்லாம் சொல் படைக்கலாம். வண்டிக்கு அடியில் படுத்திருப்பவர் ஏற்கெனவே ‘மூச்சு’ என்று பெயரிட்டுவிட்டார் என்பதை முதலில் பதிவு செய்துவிட்டுப் படைப்போம்.

இதைப் படிக்கும் ஆய்வாளர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நெய்வேலி, தங்கவயல், சேலம், தூத்துக்குடி, யாழ்ப்பாணம் என எவ்வூராயினும், உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு பழைய ஃபிட்டர் இருப்பார். எண்ணெய் வெளியேறும் விதங்களுக்கு அவர் எத்தனை வினைகள் வைத்திருக்கிறார் என்று கேட்டு, ஊரும் வண்டியும் குறித்து, பின்னூட்டத்தில் எழுதுங்கள். தாத்தாவிடம் படித்துக் காட்டுவேன். தன்னிடம் இல்லாத வினை ஒன்று வந்தால் அவர் மகிழ்வார்.